கேட்டவன் மொழியில் விடை எங்கே?

நீலமலை மாவட்டத்தில் குன்னூர்க்கு அணித்தாய் வெலிங்டன் என்றோர் ஊர் உள்ளது. சக்கதளா என மலைமக்கள் வழங்கிய இடத்தில் 1850-களில் வெள்ளையர் தம் படைக்கொட்டில்களைக் கட்டினர். பின்னர்த் தம் நாட்டுப் படைத்தலைவன் ஒருவன் பெயரை அதன்மேல் ஒட்டினர். வெள்ளையன் போய் முக்கால் நூற்றாண்டு கடந்தும் அப்பெயர் போகவில்லை. 1947-இல் குவெட்டாவினின்று பெயர்ந்துவந்த படை அலுவலர் கல்லூரி அங்குள்ளது. சென்னைப் படைப்பிரிவின் நடுவிடமும் அங்கேதான். இவற்றைச் சூழக் கடைவைத்தோர், கூலிவேலை செய்வோர், ஓய்வுபெற்ற படைஞர், தேயிலைத் தோட்டங்களினின்று வந்து குடியேறினோர் எனப் பல்லாயிரவர் வாழ்கின்றனர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அப்படைநகரின் மக்கள் தொகை இருபதினாயிரத்தை ஒட்டியது.

இவ்வூர்க்கு நகராட்சி இல்லை, ஊராட்சி இல்லை. ஊர் மக்கள் வாயில் 'கன்டோன்மென்ட் போர்டு' என்று வழங்கும் படைநகர் வாரியமே இங்கு எல்லாம். தமிழ்நாட்டில் இவ்வாறு இரண்டு படைநகர்கள் உள்ளன, மற்றொன்று பரங்கிமலை-பல்லாவரம். தெருவிளக்கு எரிய வேண்டுமா, குழாயில் தண்ணீர் வர வேண்டுமா, சாய்கடை தூர்வார வேண்டுமா, தொடக்கப்பள்ளி நடைபெற வேண்டுமா, இவையனைத்தும் 2006-ஆம் ஆண்டுப் படைநகர்ச் சட்டப்படி அவ்வாரியத்தின் கடமைகள். வாரியத்தின் தலைவர் அவ்விடத்துப் படை அதிகாரி. அதன் செயல் அலுவலர் தில்லியிலுள்ள பாதுகாப்பு அமைச்சகத்தால் அமர்த்தப்படுபவர். இவர்களுக்கு எதிரில் அமர்ந்து, 'எங்கள் தெருவுக்கு ஒதுக்கிய தொகை எங்கே?' என்று கேட்கும் உரிமையுடையோர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரே.

அந்த எழுவரும் இப்போது எங்கே? 2015 சனவரியில் நாடெங்கும் படைநகர்த் தேர்தல்கள் நடந்தன. ஐந்தாண்டுக் காலம் 2020-இல் முடிந்தது; ஓராண்டு நீட்டித்தனர். 2021-இல் தேர்ந்தெடுக்கப்பட்டோர் அனைவரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் இடத்தில் தலைவர், செயல் அலுவலர், அரசே அமர்த்தும் குடிமகன் ஒருவர் என மூவரைக் கொண்ட மாற்று வாரியம் அமைந்தது. 2023 பிப்பிரவரியில் 57 வாரியங்களுக்குத் தேர்தல் அறிவித்தனர், வாக்குப்பதிவுக்கு 30.4.2023 என்று நாளும் குறித்தனர். வேட்பாளர்கள் சுவரொட்டிக்குத் தாள் வாங்குமுன் 17.3.2023-இல் அவ்வறிவிப்பைத் தாமே நீக்கிக்கொண்டனர். படைநகர்களின் குடியிருப்புப் பகுதிகளை அருகிலுள்ள நகராட்சிகளோடு சேர்த்துவிடப் போவதாகச் சொல்லப்பட்டது. சேர்ப்பதெனில் சேர்க்கட்டும், அதற்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. சேர்க்கவும் இல்லை, தேர்தல் நடத்தவும் இல்லை என்று ஆண்டுகளைக் கடத்தினால், இடைப்பட்ட காலத்தில் வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பவர் யார்? கணக்கு எழுதுபவரும் அவரே, சரிபார்ப்பவரும் அவரே என்றால் அதற்கு வாரியம் என்ற பெயர் எதற்கு?

ஆகவே வெலிங்டன் குடிமகனுக்கு எஞ்சியிருப்பது ஒரே வாயில். தில்லி நாடாளுமன்றத்தில் நீலமலைத் தொகுதிக்கென்று ஓர் உறுப்பினர் உள்ளார். அவர் பாதுகாப்பு அமைச்சரை வினவலாம். ஊர்க்குழாயில் வராத தண்ணீருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் அப்பால் சென்று வினாத் தொடுக்க வேண்டிய நிலை எனினும், அவ்வாயிலாவது திறந்திருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாமா?

மக்களவையில் முற்பகல் பதினொரு மணி முதல் பன்னிரண்டு மணிவரை வினாநேரம். பதினைந்து நாள்களுக்குக் குறையாமல் முன்னறிவிப்புத் தர வேண்டும். உடுக்குறியிட்ட வினாவெனில் அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாக விடை தருவார், துணைவினாக்கள் எழுப்பலாம். குறியிடப்படாத வினாவுக்கு எழுத்து வடிவில் விடை வரும்; அதோடு முடிந்தது. ஓர் அமைச்சரின் உண்மைத் திறமும் அவர் துறையின் உண்மை நிலையும் வெளிப்படுவது துணைவினாக்களின் போதுதான். எழுதிக் கொடுத்ததைப் படிப்பது எவர்க்கும் எளிது. எதிரில் இருப்பவர் மேலும் ஒன்றைக் கேட்கும்போதன்றோ கோப்பைப் படித்தவர் யார், படியாதவர் யார் என்று தெரியும். அதனாலேயே ஆளுவோர்க்கு அவ்வொரு மணிநேரம் கசக்கிறது. 2020 செப்டம்பரில் கூடிய கூட்டத்தொடரில் நோய்த்தொற்றைக் காட்டி வினாநேரத்தையே எடுத்துவிட்டனர். வேளாண் சட்டங்களை நிறைவேற்ற அதே கூட்டத்தொடரில் நேரம் இருந்தது, வினாவுக்குத்தான் இல்லை.

இஃதொருபுறம் இருக்க, வினாவுக்கு வந்த விடை எம்மொழியில் வந்தது என்பதே தமிழர்கள் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி.

2020-ஆம் ஆண்டு இறுதியில் நடுவண் சேமக் காவற்படை, மருத்துவத் துணைப்பணிகளில் எண்ணூற்றுக்குச் சற்றுக் குறைந்த இடங்களுக்கு ஆள் எடுக்க முனைந்தது. தேர்வு நடக்கும் நடுவங்கள் நாடு முழுவதற்கும் ஒன்பது. அவற்றுள் தமிழ்நாட்டிலோ புதுவையிலோ ஒன்றுகூட இல்லை. தொற்றுநோய்க் காலம், தொடர்வண்டிகள் முறையாக ஓடாத காலம். திருநெல்வேலியிலோ கோத்தகிரியிலோ உள்ள ஏழை இளைஞன் எந்த வடமாநிலத்துக்குச் சென்று தேர்வு எழுதுவான்? மதுரைத் தொகுதியின் மக்களவை உறுப்பினர் சு. வெங்கடேசன் இதனை எடுத்துக்காட்டித் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் ஒவ்வொரு நடுவமேனும் வேண்டுமென்று நடுவண் உள்துறைக்கு ஆங்கிலத்தில் மடல் எழுதினார். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், ஆளுங்கட்சி அமைச்சரிடம், பொதுப்பணி பற்றி, பொதுமக்கள் சார்பில் கேட்ட நேரிய வினா இது. உள்துறை இணையமைச்சர் நித்தியானந்த இராய் 9.11.2020-இல் விடை எழுதினார், முழுதும் இந்தியில்!

அவ்விடையில் என்ன இருந்தது என்று அறிய, விடை பெற்றவர் இந்தி அறிந்தார் ஒருவரைத் தேட வேண்டும். தமிழ்நாட்டு மக்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர், தம் மக்களின் வேலைவாய்ப்புப் பற்றிய அரசின் மறுமொழியைப் படிக்க அண்டை வீட்டாரை நாட வேண்டும் என்பது அம்மக்களுக்கே செய்த இழிவன்றி வேறென்ன? வெங்கடேசன் வாளாவிருக்கவில்லை. சென்னை உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தார். நடுவர்கள் ந. கிருபாகரன், மு. துரைசாமி இருவரும் 19.8.2021-இல் தீர்ப்பளித்தனர். ஆங்கிலத்தில் வந்த முறையீட்டுக்கு ஆங்கிலத்திலேயே விடை தருவது நடுவணரசின் கடமை. 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அதனை வலியுறுத்துகிறது என்பது தீர்ப்பின் சாரம். அரசுத் தரப்பு இந்தி விடையை அறியாமல் நேர்ந்த தவறென்று சொல்லித் தப்பியது. அறியாமல் நேரும் தவறு ஒருமுறையேனும் தமிழில் நேர்ந்ததுண்டா என்பதை அவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

அதே சட்டத்தின் வழிப் பிறந்த 1976-ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகளைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். அவ்விதிகளின் தொடக்கத்திலேயே, 'தமிழ்நாடு மாநிலம் நீங்கலாக இந்தியா முழுமைக்கும் இவை பொருந்தும்' என்னும் கருத்து ஐயத்துக்கு இடமின்றிப் பொறிக்கப்பட்டுள்ளது. காசுமீர் முதல் கேரளம்வரை வேறெந்த மாநிலத்துக்கும் இவ்விலக்கு இல்லை. இது தில்லிப் பெருமக்கள் இரங்கி அளித்த கொடையன்று. 1964-இல் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி தம் உடலில் எரியூட்டிக் கொண்டதும், 1965-இல் மாணவர்களும் பொதுமக்களும் துமுக்கிக் குண்டுகளுக்கு மார்பு காட்டியதும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நிற்கின்றன. அவ்வரி இருக்கும்போதே தமிழ்நாட்டு உறுப்பினர்க்கு இந்தியில் மடல் வருகிறதெனில், எழுதியவர் விதியை அறியாதவர். அல்லது அறிந்தே மிதிப்பவர்.

ஆயினும் மதுரைத் தீர்ப்பைத் தமிழரின் முழு வெற்றியென்று கூத்தாடுவதற்கில்லை. ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் விடை; அவ்வளவே. தமிழில் கேட்டால்? அரசமைப்பின் 350-ஆம் பிரிவு, எந்தக் குடிமகனும் தன் குறையை நாட்டில் வழங்கும் எம்மொழியிலும் எந்த அதிகாரிக்கும் எழுதலாம் என்கிறது. நல்லது. எழுதலாம்! அம்மொழியிலேயே விடை பெறலாம் என்று அப்பிரிவு சொல்லவில்லை. வெலிங்டனில் வாழும் ஒரு தமிழ்த்தாய் தன் வீட்டு வரியைப் பற்றித் தமிழில் எழுதினால் அதனை வாங்கிக்கொள்ள வேண்டிய கடமை உண்டு. அவளுக்குத் தெரிந்த மொழியில் விளக்கம் தரவேண்டிய கடமை இல்லை. காதைத் திறந்து வைத்து வாயைப் பூட்டிக்கொள்ளும் இச்சட்டத்தை வகுத்தோர் எத்துணைத் திறவோர்!

சென்னைப் படைப்பிரிவின் போர்முழக்கம் தென்னாட்டுச் சொற்களால் ஆனது என்பதை வெலிங்டனில் பயிலும் ஒவ்வொரு படைஞனும் அறிவான். களத்தில் உயிரைக் கொடுக்க ஓடுகையில் தாய்நிலத்துச் சொல் வேண்டும்; அமைச்சரின் மறுமொழிக்கு மட்டும் வேண்டா போலும்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2023-இல் அதே காவற்படை ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்கு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் தேர்வு நடத்த அறிவித்தபோது தமிழ்நாடு எதிர்ப்புக் காட்டியது, முதலமைச்சர் மு.க. தாலின் உள்துறை அமைச்சருக்கு மடல் எழுதினார். ஒரு கிழமைக்குள்ளாகவே தமிழ் உட்பட பதின்மூன்று மாநில மொழிகளில் 2024 முதல் தேர்வு நடைபெறும் என்று அறிவித்தனர். எழுபத்தைந்தாண்டாக முடியாதது ஏழு நாளில் முடிந்தது எவ்வாறு? முடியாமல் இருந்ததில்லை, கேட்போர் உரக்கக் கேளாமல் இருந்தனர்.

இனி, பணத்துக்கு வருவோம். மொழிப்பற்றை மேடையில் அளப்பதைவிட ஏட்டில் அளப்பது எளிது.

2020 பிப்பிரவரியில் மக்களவையில் எழுந்த ஒரு வினாவுக்குப் பண்பாட்டுத் துறையமைச்சர் பிரகலாத் சிங் படேல் விடையளித்தார். 2017-18 முதல் 2019-20 வரையான மூன்றாண்டுகளில் சமற்கிருதத்துக்கு நடுவணரசு செலவிட்டது 643.84 கோடி உருபா. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஆகிய ஏனைச் செம்மொழிகள் ஐந்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 29 கோடி. அதில் தமிழுக்கு 22.94 கோடி. மலையாளத்துக்கும் ஒடியாவுக்கும் ஒன்றுமில்லை. மூன்றாண்டில் சமற்கிருத நல்கை 198 கோடியினின்று 214-க்கும், அதினின்று 231-க்கும் ஏறியது. தமிழ் நல்கையோ 10.59 கோடியினின்று 4.65-க்கு இறங்கி 7.7-இல் நின்றது. பின்னர் 2025-இல் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்வழி வெளிவந்த கணக்கு இன்னும் அகலமானது. 2014-15 முதல் 2024-25 வரை சமற்கிருதத்துக்கு 2,532.59 கோடி, ஏனை ஐந்துக்கும் சேர்த்து 147.56 கோடி, தமிழுக்கு 113.48 கோடி.

2011 கணக்கெடுப்பில் சமற்கிருதத்தைத் தம் தாய்மொழி என்று பதிந்தோர் 24,821 பேர். தமிழைத் தாய்மொழியாகப் பதிந்தோர் 6 கோடியே 90 இலக்கம். தொடக்கப்பள்ளி மாணவனும் செய்யக்கூடிய வகுத்தல் இது: பதினோராண்டில் சமற்கிருதம் பேசுவார் ஒருவர்க்குப் பத்து இலக்கம் உருபாவுக்கு மேல்; தமிழர் ஒருவர்க்குப் பதினாறு உருபாவும் சில காசும். ஒரு பழமொழிக்குச் செய்யும் செலவைப் பேசுவார் தலைக்கணக்கில் வகுப்பது முறையன்று, சுவடிகளும் ஆய்வும் தலைக்கணக்கில் அடங்கா என்று சிலர் கூறலாம். ஒப்புக்கொள்ளத்தக்க வாதமே. அவ்வாறெனில் சுவடிக்கணக்கில்தான் வகுக்கட்டுமே! கல்வெட்டுக்கணக்கில் வகுக்கட்டுமே! இந்தியத் துணைக்கண்டத்தின் கல்வெட்டுகளில் தமிழுக்குள்ள பங்கை அறிந்தோர் அந்தக் கணக்குக்கு ஒருபோதும் அஞ்சார். எந்த அளவுகோலைக் கொண்டாலும் பதினேழு பங்குக்கு ஐந்து மொழியும் சேர்ந்து ஒரு பங்கு என்னும் விடை வாராது. இது மொழியளவில் எழுந்த வேறுபாடன்று. ஆளுவோர் உள்ளத்தளவில் எழுந்தது.

அவ்வுள்ளத்தை 2019 திசம்பரில் நாடாளுமன்றமே கண்டது. மூன்று சமற்கிருத நிறுவனங்களை நடுவண் பல்கலைக்கழகங்களாக உயர்த்தும் முன்வரைவு மக்களவைக்கு வந்தது. நீலமலைத் தொகுதியின் உறுப்பினர் ஆ. இராசா அவ்வாதத்தில் கலந்துகொண்டு, சமற்கிருதத்தின் வழியாகத்தான் இந்நாட்டுப் பண்பாட்டை அறிய முடியும் என்னும் கருத்தை மறுத்துத் தமிழின் தனித்தன்மையை எடுத்துரைத்தார். ஆளுங்கட்சி உறுப்பினர் கணேசு சிங் அதே வாதத்தில், நாள்தோறும் சமற்கிருதம் பேசினால் நீரிழிவும் குருதிக்கொழுப்பும் அண்டா என்று ஓர் ஆய்வைச் சுட்டிப் பேசினார். அப்படியாயின் அதற்குரிய தொகையை நலத்துறைக் கணக்கில் எழுதியிருக்கலாமே! முன்வரைவு சட்டமாயிற்று. 2004-இல் முதன்முதல் செம்மொழியென அறிவிக்கப்பட்ட தமிழுக்கு உள்ளது சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம். அதற்குச் சொந்தக் கட்டடம் திறக்கப்படவே 2022 ஆயிற்று.

2025 பிப்பிரவரி 11-இல் மற்றொன்று நிகழ்ந்தது. மக்களவை உரைகளை உடனுக்குடன் மொழிபெயர்க்கும் மொழிகளில் சமற்கிருதத்தையும் சேர்த்ததாக அவைத்தலைவர் ஓம் பிருலா அறிவித்தார். எந்த மாநிலத்தில் மக்கள் இதனைப் பேசுகின்றனர், யார் கேட்பதற்காக மக்கள் வரிப்பணத்தை இதில் செலவிடுகிறீர்கள் என்று நடுச்சென்னை உறுப்பினர் தயாநிதி மாறன் எழுந்து வினவினார். செலவைப் பற்றிய வினாவுக்குச் செலவைப் பற்றிய விடை வந்திருக்க வேண்டும். வந்ததோ, நீங்கள் எந்நாட்டில் வாழ்கிறீர்கள், இந்நாட்டின் மூலமொழியே சமற்கிருதந்தான் என்னும் கடிந்துரை. தொகை எவ்வளவு என்பதற்கு அவ்விடத்தில் விடையில்லை. கணக்குக் கேட்டவனின் நாட்டுப்பற்றை ஐயுறுவது தில்லிக்குப் பழகிப்போன வழி.

தில்லியை மட்டும் பேசிவிட்டுத் தமிழ்நாட்டு ஆட்சியாளரை விட்டுவிடுவது நடுநிலையாகாது. சென்னைக் கோட்டையில் அமைச்சர்களின் விடை தமிழில்தான் வருகிறது. ஆனால் விடையே வாராத வழியொன்றையும் அவர்கள் அறிவார்கள். பேரவை விதி 110-இன்கீழ் ஓர் அமைச்சர் அறிக்கை படித்தால் அதன்மீது வாதம் கூடாது. வினாவும் எழுப்ப முடியாது. செயலலிதா ஆட்சியில் கோடிக்கணக்கான உருபாத் திட்டங்கள் இவ்விதியின்கீழ் அடுக்கடுக்காய்ப் படிக்கப்பட்டபோது, எதிர்வரிசையில் இருந்த தி.மு.க. அதனைக் கண்டித்தது. அதே கட்சி 2021-இல் ஆளுங்கட்சியானதும் அதே விதி அதற்கும் இனித்தது. அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் பெருமளவில் ஆங்கிலவழி வகுப்புகளைத் திறந்தது ஓர் ஆட்சி. மூடாமல் பேணியது மற்றோராட்சி. தமிழ்வழிப் பிள்ளைகளின் எண்ணிக்கை அதனால் எவ்வளவு குறைந்தது என்று எதிர்வரிசையில் இருக்கும்போது எவரும் கேட்கலாம். ஆனால் விடை சொல்ல வேண்டிய இடத்தில் அமர்ந்ததும் வினா மறந்துபோகிறது.

நீலமலையிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டுண்டு. 30.10.1964-இல் சிரீமாவோ-சாத்திரி உடன்படிக்கை, இலங்கை மலையகத் தமிழர் ஐந்தேகால் இலக்கம் பேரை அவர்களைக் கேளாமலேயே இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. அவ்வாறு வந்தோர்க்கு வாழ்வளிக்க 1968-இல் தொடங்கி 1976-இல் கழகமாக உருப்பெற்றதே அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். மக்கள் வாயில் 'டான்டீ'. கொட்டும் மழையில், அட்டைக்கடியில் காட்டைத் தேயிலையாக்கியவர்கள் அம்மக்கள். இழப்பைக் காட்டி 2022-இல் அதன் நிலத்தில் 2,152 எக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு ஆணையிட்டது. எதிர்க்கட்சியினர் கண்டித்தனர். கண்டித்ததில் தவறில்லை. ஆயினும் அவ்விழப்பு ஓராட்சியில் மட்டும் முளைத்ததா? தாம் ஆண்ட ஆண்டுகளில் அக்கழகத்தின் கணக்கை எத்துணை முறை அவையில் விரித்துவைத்தனர் என்பதையும் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். தேயிலைத் தொழிலாளி ஓய்வுபெற்றபின் எந்தக் கூரையின்கீழ்ப் படுப்பான் என்னும் வினாவுக்குக் கட்சி இல்லை.

தமிழ்நாட்டினின்று மக்களவையில் 39 பேரும் மாநிலங்களவையில் 18 பேரும் உள்ளனர். இவர்கள் வரும் கூட்டத்தொடரில் கேட்க வேண்டியவை மிகப்பல. இப்போதைக்கு வெலிங்டனைப் பற்றியனவே போதும். படைநகர் வாரியத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லாத ஆண்டுகளில் மக்களிடம் தண்டிய வரி எவ்வளவு, அதில் குடியிருப்புத் தெருக்களுக்குச் சென்றது எவ்வளவு? அரசமைப்பின் 285-ஆம் பிரிவால் நடுவணரசின் சொத்துகளுக்கு உள்ளூர் வரி இல்லையாதலின், அதற்கு ஈடாகப் படைத்துறை தரவேண்டிய பணிக்கட்டணத்தில் நிலுவை எவ்வளவு? குடியிருப்புப் பகுதியை நகராட்சியோடு சேர்ப்பதெனில் எந்நாளில், இல்லையெனில் தேர்தல் எந்நாளில்? 1976 விதிகள் பொருந்தாத இம்மாநிலத்தில், அவ்வாரியத்துக்கும் அங்குள்ள பிற நடுவணரசு அலுவலகங்களுக்கும் தமிழில் வந்த முறையீடுகள் எத்தனை, அவற்றுள் தமிழிலேயே விடை பெற்றவை எத்தனை? இவற்றை உடுக்குறியிட்ட வினாக்களாகவே கேட்க வேண்டும்; அமைச்சர் எழுந்து நின்று சொல்லட்டும். விடைத்தாள் இந்தியில் மட்டும் வருமாயின் அதனை வாங்காமல் அவையிலேயே திருப்பித் தந்துவிட வேண்டும்.